பத்துக்கு ஆறு பொருத்தம்: ஒரே ஜோடிக்கு இரண்டு தீர்ப்பு வருவது எப்படி?

மதுரையில் வரன் பார்க்கும் வீடுகளில் இப்போது ஒரே ஜோடிக்கு மூன்று விடை வருகிறது. செல்போன் செயலி 36-க்கு 23 என்கிறது. குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் ஜோசியர், "பத்துக்கு ஆறு இருக்கு, ஆனா ரஜ்ஜு தட்டுது" (பத்தில் ஒன்றான ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை) என்று ஜாதகக் குறிப்பைத் திருப்பிக் கொடுக்கிறார். தரகர் காட்டிய இன்னொரு ஜோசியரோ அதே பத்துக்கு ஆறைப் பார்த்து, "தாராளமாச் செய்யலாம்" என்கிறார்.

சனிப்பெயர்ச்சி இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டியது. வானியல் கணிப்பின்படி நடக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. பழைய சூத்திரங்களின்படி நடக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் 2026 மார்ச் என்றது. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், 2025-இல் பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தது. கிரகம் எங்கே நிற்கிறது என்பதிலேயே இரண்டு கணக்கு இருக்கும்போது பொருத்தத்தில் இரண்டு கணக்கு வருவதில் வியப்பில்லை. அந்த வேறுபாடு எந்த இடத்தில் நுழைகிறது, எந்த வேறுபாடு முடிவையே மாற்றுகிறது என்று கணக்கைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்துப் பொருத்தம் எதைப் பார்க்கிறது?

பலரும் நினைப்பதுபோல முழு ஜாதகத்தை அல்ல. பிறந்த நொடியில் சந்திரன் நின்ற இடத்தை மட்டும் பார்க்கிறது. வான வட்டம் 360 பாகை. அதை 27-ஆகப் பிரித்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). 12-ஆகப் பிரித்தால் ஒரு ராசிக்கு 30 பாகை. சந்திரன் ஒரு நாளில் சராசரியாக 13 பாகைக்குச் சற்று மேல் நகர்வதால், ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம்.

கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் இரண்டு ராசிகளில் விழுகின்றன. ஆகவே நட்சத்திரமும் ராசியும் சேர்ந்த சேர்க்கைகள் 36. பெண்ணுக்கு 36, ஆணுக்கு 36 என்று பெருக்கினால் 1,296 கட்டம். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் அச்சாகும் பொருத்த அட்டவணை இவ்வளவுதான். உலகத்தில் உள்ள ஜோடி எல்லாம் இந்த 1,296 கட்டங்களில் ஒன்றில் அடங்கிவிடும். லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி), அதிலிருந்து ஏழாம் இடம், சுக்கிரன் எதுவும் இதில் கிடையாது. அவற்றைத் தனியாகப் பார்ப்பதற்குத்தான் "கட்டப் பொருத்தம்" என்று பெயர். "பொருத்தம் பார்த்தாச்சு" என்று ஒரு வீட்டில் சொன்னால் இரண்டில் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பத்தும் சுருக்கமாக

எண்ணிக்கை எப்போதும் பெண்ணிலிருந்து ஆணுக்கு. பெண்ணின் நட்சத்திரத்தையே ஒன்று என்று வைத்துத் தொடங்க வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்து எண்ணிவிட்டு ஒன்று குறைவாகச் சொல்வது கையால் பார்க்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு.

1. தினம்: எண்ணி வந்ததை 9-ஆல் வகுத்து மீதி 2, 4, 6, 8, 0 என்றால் உண்டு.
2. கணம்: தேவ, மனுஷ, ராட்சச கணங்கள். ஒரே கணம் உத்தமம். பெண் ராட்சச கணம், ஆண் தேவ கணம் என்றால் இல்லை.
3. மகேந்திரம்: எண்ணிக்கை 4, 7, 10, 13, 16, 19, 22, 25 என்றால் உண்டு.
4. ஸ்திரீ தீர்க்கம்: 13-க்கு மேல் உத்தமம், 7-க்கு மேல் மத்திமம்.
5. யோனி: நட்சத்திரத்துக்கு ஒரு விலங்கு. பாம்பு–கீரி, பூனை–எலி, மான்–நாய், பசு–புலி, யானை–சிங்கம், குதிரை–எருமை, ஆடு–குரங்கு ஆகியவை பகை.
6. ராசி: பெண் ராசியிலிருந்து ஆண் ராசி 6-க்கு மேல் இருந்தால் உத்தமம்.
7. ராசி அதிபதி: இரண்டு ராசிநாதர்களும் நட்பா, சமமா, பகையா என்பது.
8. வசியம்: குறிப்பிட்ட ராசிக்குக் குறிப்பிட்ட ராசி மட்டும். கடகத்துக்கு விருச்சிகமும் தனுசும் என்பதுபோல.
9. ரஜ்ஜு: நட்சத்திரங்களைப் பாதம் முதல் சிரசு வரை ஐந்து ரஜ்ஜுவாகப் பிரிப்பது. இரண்டு நட்சத்திரங்களும் ஒரே ரஜ்ஜுவில் இருக்கக் கூடாது.
10. வேதை: ஒன்றையொன்று குத்தும் நட்சத்திர இணையாக இருக்கக் கூடாது.

சில ஜோசியர்கள் நாடியையும் மரத்தையும் சேர்த்து 12 பார்ப்பார்கள். "பத்துக்கு ஏழு", "பன்னிரண்டுக்கு ஏழு" இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லவே வேண்டியதில்லை. ஆனாலும் பேச்சில் பின்பாதி விழுந்து "ஏழு" மட்டும் ஊருக்குள் சுற்றும்.

ரஜ்ஜு: மற்ற ஒன்பதையும் ஓரமாக உட்காரவைப்பது

மதுரை வட்டாரத்தில் மற்றவை எத்தனை இருந்தாலும் ரஜ்ஜு இல்லையென்றால் பேச்சு அங்கேயே நிற்கும். தாலிக்கயிறோடு இணைத்துப் பேசப்படுவதால் அந்தப் பயம். சிரசு (தலை) தட்டினால் கணவனுக்கு, கண்டம் (கழுத்து) தட்டினால் மனைவிக்கு, உதரம் (வயிறு) குழந்தைக்கு, தொடை பணத்துக்கு, பாதம் தட்டினால் ஊர் ஊராய் அலைச்சல் என்று பலன் சொல்வார்கள்.

இதன் கட்டமைப்பு பார்க்கப் பார்க்க அழகானது. நட்சத்திரங்களை அஸ்வினியில் தொடங்கி ஒரு படிக்கட்டில் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அஸ்வினி பாதம், பரணி தொடை, கார்த்திகை உதரம், ரோகிணி கண்டம், மிருகசீரிடம் சிரசு. உச்சி வந்துவிட்டது, இனி இறக்கம். திருவாதிரை கண்டம், புனர்பூசம் உதரம், பூசம் தொடை, ஆயில்யம் பாதம். ஒன்பது முடிந்தது. மகத்திலிருந்து மறுபடி ஏற்றம், மூலத்திலிருந்து மூன்றாம் முறை. ஏறும்போது ஆரோகணம், இறங்கும்போது அவரோகணம். சிரசில் மூன்று நட்சத்திரங்கள், மற்ற நான்கிலும் ஆறு ஆறு.

இதிலிருந்து யாரும் தாளும் பேனாவும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய சில முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது. 27-ஐ 27-ஆல் பெருக்கினால் 729 நட்சத்திர ஜோடிகள். ஒரே ரஜ்ஜுவில் விழுபவை 153. அதாவது நூற்றுக்கு 21. ஐந்து வரனில் ஒன்று, வேறெதையும் பார்ப்பதற்கு முன்பே ரஜ்ஜுவில் கழிகிறது.

இரண்டாவது. படிக்கட்டு ஒன்பது ஒன்பதாகத் திரும்புகிறது. பிறந்த நட்சத்திரத்தை வைத்துத் தொடங்கும் தசைகளும் (ஒவ்வொரு கிரகமும் ஆளும் காலம்) அஸ்வினிக்குக் கேது, பரணிக்குச் சுக்கிரன் என்று ஒன்பது ஒன்பதாகத்தான் திரும்புகின்றன. ஆகவே ஒரே ரஜ்ஜுவில் ஒரே திசையில் உள்ள மூன்று நட்சத்திரங்களுக்கும் தசாநாதன், அதாவது தசைக்குரிய கிரகம், ஒருவரே. பூசம், அனுஷம், உத்திரட்டாதி மூன்றும் தொடை, மூன்றும் இறக்கம், மூன்றும் சனி. சிரசின் மூன்றும் செவ்வாய். "ஒரே தசையில் தொடங்கும் இருவரைச் சேர்க்காதே" என்ற விதியும் ரஜ்ஜு விதியின் பாதியும் ஒன்றேதான்.

மூன்றாவது. ஒரே தசாநாதன் என்றால் எண்ணிக்கை 1, 10, 19 என வரும். 9-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது தினப் பொருத்தமும் இல்லை. ஒரே காரணத்துக்கு இரண்டு இடத்தில் கழிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் 10-உம் 19-உம் மகேந்திரத்தில் "உண்டு" பட்டியலில் இருக்கின்றன. "மகேந்திரம் இருக்கே, புத்திர பாக்கியம் உண்டு" என்று ஒருவர் ஆறுதல் சொன்னால் எண்ணிக்கை எத்தனை என்று கேளுங்கள். 10 அல்லது 19 என்றால் அங்கே ரஜ்ஜு கட்டாயம் தட்டும்.

நான்காவது, வேதை. அஸ்வினி–கேட்டை, பரணி–அனுஷம், கார்த்திகை–விசாகம், ரோகிணி–சுவாதி, திருவாதிரை–திருவோணம், புனர்பூசம்–உத்திராடம், பூசம்–பூராடம், ஆயில்யம்–மூலம், மகம்–ரேவதி, பூரம்–உத்திரட்டாதி, உத்திரம்–பூரட்டாதி, அஸ்தம்–சதயம் என்று 12 இணைகள். இவை போக மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூன்றும் தங்களுக்குள் வேதை. இந்தப் பட்டியலை ரஜ்ஜுப் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இணையிலும் இரண்டும் ஒரே ரஜ்ஜுவுக்குள் இருக்கும். அதோடு, 12 இணைகளிலும் ஒன்று ஏற்றம், மற்றது இறக்கம்.

அப்படியானால் வேதை எதற்கு? ரஜ்ஜுவுக்கு ஒரு தளர்வு உண்டு. ஒரே ரஜ்ஜுவாக இருந்தாலும் ஒன்று ஆரோகணம், மற்றது அவரோகணம் என்றால் செய்யலாம் என்பார்கள், சிரசு நீங்கலாக. அந்தத் தளர்வைக் கொடுக்கும் ஜோசியருக்கு வேதை இரண்டாவது வாசல். தளர்வால் உள்ளே வருகிற 72 ஜோடிகளில் 24-ஐ வேதை திருப்பி அனுப்பும். தளர்வு கொடுக்காத ஜோசியருக்கு வேதையில் புதிதாகக் கழிக்க ஒன்றும் இல்லை. இரண்டு ஜோசியர்கள் ஒரே குறிப்புக்கு "உண்டு", "இல்லை" என்று சொல்வதற்கு இந்தத் தளர்வுதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. நூற்றுக்கு ஆறு, ஏழு ஜோடிகள் இந்த இடைவெளியில் சிக்குகின்றன.

"பத்துக்குப் பத்து" என்று விளம்பரம் செய்பவர்களுக்கும் ஒரு சோதனை இதிலேயே இருக்கிறது. தினமும் மகேந்திரமும் சேர்ந்து உண்டு என்றால் எண்ணிக்கை 4, 13, 22 மட்டும். ஸ்திரீ தீர்க்கம் உத்தமமாகவும் வேண்டுமென்றால் 22 மட்டும் மிஞ்சும். அந்த 22-ஆவது நட்சத்திரத்தையே, குறிப்பாக அதில் விழும் 88-ஆவது பாதத்தை (ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம்), வைநாசிகம், அதாவது அழிவு தருவது என்று தள்ளுகிறவர்களும் உண்டு. பத்துக்குப் பத்து வேண்டும் என்று காத்திருக்கும் பெற்றோர் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு ஆறுகள்

ஆண் அனுஷம், விருச்சிக ராசி. பெண் கடக ராசி, பிறந்தது பூசம் முடிந்து ஆயில்யம் தொடங்கும் நேரத்தை ஒட்டி. ஒரு பஞ்சாங்கம் பூசம் என்கிறது, இன்னொன்று ஆயில்யம் என்கிறது என்று வையுங்கள்.

பூசம் என்றால் எண்ணிக்கை 10. தினம் இல்லை. இருவரும் தேவ கணம், உண்டு. மகேந்திரம் உண்டு. ஆடும் மானும் பகையில்லை, யோனி உண்டு. விருச்சிகம் ஐந்தாவது என்பதால் ராசி இல்லை. சந்திரனும் செவ்வாயும் பகையில்லை, அதிபதி உண்டு. வசியம் உண்டு. வேதை இல்லாததால் அதுவும் கணக்கில் சேரும். ரஜ்ஜு இருவருக்கும் தொடை, தட்டுகிறது. ஸ்திரீ தீர்க்கம் மத்திமம். மொத்தம் ஆறும் ஒரு மத்திமமும்.

ஆயில்யம் என்றால் எண்ணிக்கை 9. தினம் உண்டு. பெண் ராட்சச கணம், கணம் இல்லை. மகேந்திரம் இல்லை. பூனையும் மானும் பகையில்லை, யோனி உண்டு. ராசி இல்லை. அதிபதி, வசியம் உண்டு. பாதமும் தொடையும் வேறு, ரஜ்ஜு உண்டு. வேதை தட்டவில்லை. ஸ்திரீ தீர்க்கம் மத்திமம். மொத்தம் அதே ஆறும் ஒரு மத்திமமும்.

எண் ஒன்று, தீர்ப்பு இரண்டு. முதலாவதில் பெரும்பாலான ஜோசியர்கள் கைவைக்க மாட்டார்கள். இருவரும் இறக்கத்தில் இருப்பதால் தளர்வும் பொருந்தாது. இரண்டாவதைச் செய்யலாம் என்பார்கள். ஆகவே "எத்தனை பொருத்தம்?" என்ற கேள்வியில் பெரிதாகப் பயனில்லை. எவை உண்டு, எவை இல்லை என்று பெயர் பெயராக எழுதி வாங்க வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரஜ்ஜுவில் தப்பிய அதே பெண், "ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது" என்ற பேச்சில் மாட்டுவாள். மூலம் மாமனாருக்கு, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு என்று தொடரும் இந்த வரிசை பத்துப் பொருத்தத்தில் எங்கும் இல்லை. அதைச் சொல்லும் நூல்களே நான்கு பாதத்தில் ஏதோ ஒன்றுக்கு மட்டும் சொல்லி, மற்றவற்றை விட்டுவிடுகின்றன. ஊர் வாயில் பாதம் கரைந்து முழு நட்சத்திரமும் கெட்டுப்போனது. மாமியார் உயிரோடு இல்லாத வீடாகத் தேடும் பெற்றோரை இன்றும் பார்க்கலாம்.

நட்சத்திரம் எங்கே மாறுகிறது?

சந்திரன் ஒரு மணி நேரத்தில் அரைப் பாகைக்குச் சற்று மேல் நகரும். நட்சத்திர எல்லையை ஒட்டிப் பிறக்காதவருக்குக் கீழ்க்கண்டவற்றில் எதுவும் நட்சத்திரத்தை மாற்றாது. எல்லையில் பிறந்தவருக்கு எல்லாமே மாற்றும்.

1. பஞ்சாங்கம். வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி நடக்கிறது. திருக்கணிதம் வானியல் கணிப்பின்படி நடக்கிறது. நட்சத்திரம் முடியும் நேரம் இரண்டிலும் சில மணி நேரம் வரை விலகலாம். கோயில்களில் பெரும்பாலும் வாக்கியம், செயலிகளில் பெரும்பாலும் திருக்கணிதம். தாத்தா காலத்து ஜோசியர் எழுதிய நோட்டில் ஒன்றும் செல்போனில் இன்னொன்றும் வருவது இதனால்தான்.

2. அயனாம்சம். வானத்தின் தொடக்கப் புள்ளி எது என்ற திருத்தம். மேக்நாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு பரிந்துரைத்த லாகிரி அயனாம்சமே பெரும்பாலான மென்பொருள்களில் இயல்பாக இருக்கும். ராமன் அயனாம்சம் அதிலிருந்து சுமார் ஒன்றரை பாகை விலகும். சந்திரன் அந்தத் தொலைவைக் கடக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். கிருஷ்ணமூர்த்தி அயனாம்சத்தின் விலகல் சிறிது, பத்துப் பதினோரு நிமிடம்தான்.

3. தினசரி காலண்டர். "பூசம் மாலை 4.12 வரை" என்று போட்டிருக்கும் தாளில் முதல் பெயரை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வது. இரவில் பிறந்த குழந்தைக்கு அது தவறு.

4. நள்ளிரவுக் குழப்பம். தமிழ் முறையில் நாள் சூரிய உதயத்தில் மாறும். ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறும். செவ்வாய் இரவு ஒன்றரை மணிக்குப் பிறந்த குழந்தையை வீட்டில் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் புதன்கிழமைத் தேதி இருக்கும். ஜோசியர் கிழமையைக் கேட்டு, செயலி தேதியைக் கேட்டால் ஒரு நாள் நழுவும், நட்சத்திரமும் நழுவும்.

5. நாழிகை. பழைய குறிப்பில் "உதயாதி 12 நாழிகை" என்று இருந்தால், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் வைத்து, அன்றைய சூரிய உதயத்தோடு கூட்ட வேண்டும். மதுரையில் மே கடைசியில் உதயம் 6 மணிக்குச் சற்று முன், ஜனவரி கடைசியில் 6.35-ஐத் தாண்டும். எல்லாவற்றுக்கும் 6 மணி என்று வைத்தால் தைப் பிறப்புக்காரருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிழை.

6. வெளிநாட்டுப் பிறப்பு. சிங்கப்பூரில் பிறந்தவரின் நேரத்தை இந்திய நேரமாக நினைத்துப் போட்டால் இரண்டரை மணி நேரம் தவறு. துபாய் என்றால் ஒன்றரை.

பிறந்த ஊரைத் தவறாகப் போட்டால் நட்சத்திரம் மாறாது, லக்னம் மாறும். மதுரை கிழக்கு 78 பாகைக்குச் சற்று மேல், சென்னை 80-க்குச் சற்று மேல். இரண்டு பாகைக்கு எட்டு, ஒன்பது நிமிட வேறுபாடு. லக்னம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ஆகவே மேலூரில் பிறந்த பெண்ணுக்குச் செயலி தானாகச் சென்னை என்று எடுத்துக்கொண்டால் லக்னம் இரண்டு பாகை தள்ளிப்போகும். ஒரு ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சத்தில் ஒரு கட்டத்துக்கு 3 பாகை 20 கலை, ஏறக்குறைய 13 நிமிடம். அதனால் ராசிக்கட்டம் சரியாக இருந்து நவாம்சம் மட்டும் மாறிய ஜாதகங்கள் நிறைய.

பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரம் இருக்காது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் இருக்கும். அதைப் பத்திரப்படுத்தாத வீடுகளில் "கோழி கூப்பிடும் நேரம்" என்ற நினைவுதான் மிச்சம். அதை வைத்து நட்சத்திரம் சொல்லலாம், நவாம்சம் சொல்ல முடியாது.

செவ்வாயும் ராகு-கேதுவும்

"பொண்ணுக்குச் செவ்வாய் இருக்கு" என்பது ஊரில் ஒரு நோய்போலப் பேசப்படுகிறது. விதி இது: 2, 4, 7, 8, 12-ஆம் இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து. லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே நூற்றுக்கு 42 பேருக்கு உண்டு. லக்னம் ஒரு நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றுவதால், தினமும் ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் செவ்வாய் தோஷம்.

சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் சேர்த்துப் பார் என்கிறார்கள் சிலர். மூன்றிலும் தப்பிக்கும் வாய்ப்பு பன்னிரண்டில் ஏழு, மூன்று முறை பெருக்கல். தோராயமாக நூற்றுக்கு 20 பேர்தான் தப்புவார்கள். மற்ற 80 பேரும் தோஷக்காரர். சுக்கிரனிலிருந்து எண்ணும்போது செவ்வாயும் சுக்கிரனும் மெதுவாக நகர்வதால், அந்த வாரத்தில் பிறந்த ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒரே விடை வரும். இப்படி எண்ணினால் அரிதாகக் கிடைப்பது "சுத்த ஜாதகம்"தான்.

இதனால்தான் விலக்குகள் இத்தனை பெருகியிருக்கின்றன. மேஷம், விருச்சிகம், மகரத்தில் செவ்வாய் இருந்தால் தோஷமில்லை. கடக, சிம்ம லக்னத்துக்குத் தோஷமில்லை. குரு பார்த்தால் தோஷமில்லை. 2-ஆம் இடம் மிதுனம், கன்னி என்றாலும், 8-ஆம் இடம் தனுசு, மீனம் என்றாலும், 12-ஆம் இடம் ரிஷபம், துலாம் என்றாலும் தோஷமில்லை. எந்த விலக்கை ஏற்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். செயலிகள் பலவும் விலக்கு எதையும் பார்க்காமல் சிவப்பில் "தோஷம் உண்டு" என்று காட்டிவிடும்.

ராகு-கேதுவும் இப்படியே. 1, 2, 5, 7, 8-இல் இருவரில் ஒருவர் இருந்தாலும் தோஷம் என்பது விதி. இருவரும் எப்போதும் நேர் எதிரே நிற்பவர்கள். ஆகவே ராகு 1, 2, 5, 7, 8, 11 ஆகிய ஆறில் எங்கிருந்தாலும் தோஷம். பாதிப் பேர்.

நீதிமன்றம் வரை போன விஷயம் இது. 2023 மே மாதம் ஒரு வழக்கில், பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் உண்டா என்று லக்னோ பல்கலைக்கழக ஜோதிடத் துறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 3-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

36 மதிப்பெண்ணும் சூரிய ராசியும்

செயலி காட்டும் 36 வடநாட்டு அஷ்டகூட முறை. வர்ணம் 1, வசியம் 2, தாரை 3, யோனி 4, கிரக மைத்திரி 5, கணம் 6, பகூடம் 7, நாடி 8. 18 வந்தால் தேர்ச்சி. இதில் ரஜ்ஜு என்ற இனமே இல்லை. கார்த்திகையும் புனர்பூசமும் உதர ரஜ்ஜு, நம் ஊரில் தட்டும். நாடி வேறு என்பதால் அங்கே 8 மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். இரண்டு முறையின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

காதலர்கள் இணையத்தில் பார்க்கும் "டாரஸ்–ஸ்கார்பியோ" வேறு சங்கதி. அது சூரியன் நின்ற ராசி. அதுவும் மேற்கத்திய முறையில், நம் கணக்கிலிருந்து சுமார் 24 பாகை தள்ளி. மே 5-இல் பிறந்தவர் அங்கே ரிஷபம். நம் கணக்கில் சித்திரை மாதம், சூரியன் மேஷத்தில். நாம் "ராசி" என்று சொல்வதோ சந்திரன் நின்ற இடம். மேற்கத்தியர் விரிவாகப் பார்க்கும்போது இருவர் ஜாதகத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கிரகங்களுக்கிடையே 60, 90, 120, 180 பாகைக் கோணங்களை அளப்பார்கள். அதற்கும் பத்துப் பொருத்தத்துக்கும் பொதுவான அங்கம் ஏறக்குறைய எதுவுமில்லை.

சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழுவினர் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். படிப்பில் சிறந்த 100 குழந்தைகள், அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 குழந்தைகள் ஆகியோரின் ஜாதகங்களிலிருந்து ஆளுக்கு 40 கொடுத்து, எது யாருடையது என்று ஜோதிடர்களைக் கேட்டார்கள். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியான விடை நூற்றுக்கு 46. நாணயம் சுண்டினாலே 50 வந்திருக்கும். திருமணம் பற்றி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் வோஸ் 2007-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து ஒரு கோடி தம்பதிகளின் பிறந்த தேதிகளை ஆராய்ந்தார். சூரிய ராசிக்கும் யார் யாரை மணக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. அது பார்த்தது சூரிய ராசியை, ரஜ்ஜுவை அல்ல.

நம் வட்டாரத்திலேயே ஒரு பெரிய விதிவிலக்கு நடைமுறையில் உண்டு. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று முறை உள்ள இடத்தில் பல குடும்பங்கள் குறிப்பையே எடுப்பதில்லை. குலதெய்வம் கோயிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டுப் பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. நெருங்கிய உறவில் கட்டும்போது ஜாதகத்தைவிட மரபணு ஆலோசனைக்கு ஒருமுறை போய்வருவது உருப்படியான வேலை.

குறிப்பு கைமாறும்போது

1. மஞ்சள் தடவிய ஜெராக்ஸில் நட்சத்திரம், ராசி மட்டும் போதாது. பிறந்த தேதி, நேரம், ஊர், அந்த நேரம் மருத்துவமனைச் சீட்டிலிருந்தா நினைவிலிருந்தா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.
2. இருவர் ஜாதகமும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்ததாக இருக்க வேண்டும். பெண்ணுக்கு வாக்கியம், மாப்பிள்ளைக்குத் திருக்கணிதம் என்று கலந்து பார்ப்பதுதான் மிக மோசமான பிழை. யாரும் கவனிப்பதும் இல்லை.
3. பாதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் பாதத் தொடக்கமோ நான்காம் பாத முடிவோ என்றால் எல்லைப் பிறப்பு. இரண்டு பஞ்சாங்கத்திலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.
4. "ஜனன கால தசை இருப்பு" (பிறந்தபோது மிச்சமிருந்த தசைக் காலம்) என்ற வரியை வைத்து நட்சத்திரத்தை எதிர்முறையில் சோதிக்கலாம். ரோகிணிக்குச் சந்திர தசை 10 வருடம். இருப்பு 7 வருடம் 6 மாதம் என்றால் நட்சத்திரத்தில் கால் பங்கு கழிந்திருக்கிறது, அதாவது முதல் பாதம் முடியும் இடம். பாதம் 3 என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தப்பு.
5. ரஜ்ஜு தட்டுகிறது என்றால் எந்த ரஜ்ஜு, ஒரே திசையா எதிர்த் திசையா, வேதையும் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். எதிர்த் திசை, வேதை இல்லை என்றால் இன்னொரு ஜோசியர் வேறு விடை சொல்ல வாய்ப்பு உண்டு.
6. இருவருக்கும் ஒரே நட்சத்திரம் என்றால் ரஜ்ஜு தானாகத் தட்டும். ஆனால் ரோகிணி, திருவாதிரை, மகம், அஸ்தம், விசாகம், திருவோணம், உத்திரட்டாதி, ரேவதி ஆகியவற்றுக்கு ஏக நட்சத்திரம் உத்தமம் என்று தனி விதி உண்டு. செயலி பெரும்பாலும் அந்த விதியைப் பார்ப்பதில்லை.
7. பரிகாரம் சொன்னால், எந்தப் பொருத்தம் இல்லாததற்கு என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத தோஷத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.